பதினொன்றாவது வரி

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவர் தன் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவும் மனசில்லாமல், திரும்பிப் போகவும் மனசில்லாமல் கால்மணி நேரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பெரியவர் வாயே திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான், "வியாழக்கிழமை வருவாரு, போங்க" என்றாள். அந்த வியாழக்கிழமை இன்றுதான்.

இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறீர்கள் என்றால் உங்களுக்காக இரண்டு வார்த்தை. சின்னவர் சாலையை வெட்டிக் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர். பொதுச் சாலையில் கடப்பாரையை வைக்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கப் பிணை வேண்டும். வெட்டிய இடத்தை ஒழுங்காக மூடுவான், ஒரு வருடம் அது உள்வாங்காது, உள்வாங்கினால் என் வீட்டை விற்றாவது சரிசெய்து தருகிறேன் என்று சொத்துள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னவருக்கு எப்போதும் எழுதிக் கொடுத்தவர் அண்ணன்தான்.

சென்ற வருடம், அண்ணன் பிணை நின்ற அந்தச் சாலையிலேயே அண்ணனின் ஒரே மகன் லாரி மோதிச் செத்துப்போனான். குழிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தான். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவர் சின்னவர். ஏதோ கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போகிறேன், அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று கொடியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இன்றோடு அந்தப் பிணையின் ஒரு வருடம் முடிகிறது. ஒப்பந்தக்காரர், பிணைதாரர், இன்ஸ்பெக்டர் மூவரும் அந்த இடத்தில் நின்று சாலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் விடுவிப்புச் சீட்டு கிடைக்கும். சீட்டு இல்லாமல் அடுத்த அனுமதி கிடையாது. திங்கட்கிழமை ஒரு புது வேலை காத்திருக்கிறது. வருடம் முழுக்கச் சுற்றுச்சுவர்களுக்குள் சில்லறை வேலை பார்த்து அரை வயிறு நிரப்பிக்கொண்ட எட்டு பேர் அந்தத் திங்கட்கிழமையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எல்லாம் பெரியவரின் ஒரு கையெழுத்தில் நிற்கிறது.

*

சின்னவரின் மகளை வேலையாட்கள் ஃபைல் அக்கா என்று கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு மேசை, ஒரு கணினி, காகிதத்தைக் கசக்காமல் வெளியே விடாத ஒரு பிரிண்டர், அலமாரி நிறைய பழைய அனுமதிகள். சுவரில் ஆணியில் ஒரு சிவப்புக் கொடி சுருட்டி மாட்டியிருக்கிறது. ஒரு வருடமாக அதை யாரும் தொடவில்லை. தூசி தட்டுவதென்றால்கூட அதைச் சுற்றித்தான் தட்டுகிறார்கள்.

காலை ஏழரைக்கு அவள் பணிமுடிவு அறிக்கையின் நகலைக் கோப்பில் செருகப் போனாள். செருகுமுன் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். பதினொன்றாவது வரியில் கண் நின்றுவிட்டது.

'பணிக்காலத்தில் விபத்து ஏதும் நேர்ந்ததா? இல்லை.'

அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள்.

நடந்தது இதுதான். அவள் எந்த அறிக்கையையும் வெறும் தாளிலிருந்து அடிப்பதில்லை. முந்தைய வேலையின் அறிக்கையைத் திறப்பாள், தெருவை மாற்றுவாள், நீளத்தை மாற்றுவாள், தேதியை மாற்றுவாள், முடிந்தது. பத்து நிமிட வேலை. பத்து நாளைக்கு முன்னால் இந்த அறிக்கையையும் அப்படித்தான் செய்தாள். அன்று அவள் திரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அந்தத் தெருப் பெயரை அடிப்பதற்குள் கண் மறைத்துவிட்டது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று இருந்தது.

எதை எழுத முடியாமல் அழுதாளோ, அது நடக்கவே இல்லை என்று அவளே அடித்துக் கொடுத்துவிட்டாள். கீழே அவளே அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். அப்பா அவள் நீட்டிய எதையும் படித்துப் பார்ப்பவர் அல்ல.

உடனே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், பணிமுடிவு அறிக்கையில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு."

"சீல் போட்டாச்சும்மா. பெரிய ஆபீசர் கையெழுத்தும் ஆயிடுச்சு, என் பையில இருக்கு. இனிமே அதுல ஒரு புள்ளி வைக்கணும்னாலும் திரும்ப மேலே போய்த்தான் வரணும். ஏன், நீளத்தைத் தப்பாப் போட்டுட்டியா?"

அவர் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போலீசின் கோப்பு போலீசில் இருக்கிறது. சாலை அலுவலகத்தின் கோப்பு அங்கே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இல்ல சார். நீளம் சரியாத்தான் இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

சின்னவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சாலை வேலைக்கு அவர் இஸ்திரிச் சட்டை போட்டு மகள் பார்த்ததில்லை.

"இந்தச் சட்டை பரவாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அப்பா, இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாதா?"

"ஏம்மா?"

"சும்மாதான். கொஞ்சம் பேப்பர் வேலை..."

"ஒரு வருஷம் கழிச்சு அண்ணன் இன்னைக்கு என் பக்கத்துல வந்து நிக்கப் போறாரு. அதைப் போய்த் தள்ளிப் போடச் சொல்றியா?"

அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம். நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்போமா என்பது வேறு விஷயம்.

சின்னவர் வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஆணியிலிருந்து கொடியை எடுத்தார். "சோதனை நடக்கும்போது ஒரு பக்கம் வண்டியை நிறுத்தணும். ஆளுங்க யாராவது பிடிச்சுக்குவாங்க," என்று அவளைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

*

பெரியப்பாவை வேனில் அழைத்து வருவது மகளின் பொறுப்பு. அவளுக்கு இருந்த ஒரே பயம் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியவர் முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகையானாலும் மருந்துச் சீட்டானாலும் கடைசி எழுத்துவரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஓட்டலுக்குப் போனால் பட்டியலில் பிழை திருத்திவிட்டுத்தான் சாப்பாடு சொல்வார். அவர் மகன் நெட்டையன் தலையில் அடித்துக்கொள்வான்.

நெட்டையன் என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். ஆறடி இரண்டங்குலம். பெரியப்பா வீட்டுக்குள் நுழையும்போது வாசல் நிலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துண்டு மகள் கண்ணில் பட்டது. தினம் தலையை இடித்துக்கொள்கிறான் என்று பெரியம்மா ஒட்டிவைத்தது. இப்போது அந்த வீட்டில் அந்த உயரத்துக்கு யாரும் இல்லை. ஆனாலும் பஞ்சு புதிதாக இருந்தது. பழையதை எடுத்துவிட்டு யாரோ மாற்றி ஒட்டியிருந்தார்கள். அவள் குனிந்துகொண்டே உள்ளே போனாள்.

"வாம்மா. சட்டை மாத்துறாரு," என்றாள் பெரியம்மா.

"பெரியம்மா, அவரு... பேப்பரெல்லாம் படிப்பாரா அங்க?"

பெரியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க படிக்கிறாரு? ஒரு வருஷமா எதையும் படிக்கிறதில்ல. பேப்பர் போடுறவனை நிறுத்திட்டாரு. கரண்டு பில் வந்தாக்கூட என்னைப் பார்க்கச் சொல்றாரு. கண்ணு தெரியலையான்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு."

மகளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதுமே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. துக்கத்தில் ஒரு மனுஷன் படிப்பதையே விட்டுவிட்டார் என்கிறாள் பெரியம்மா. அதைக் கேட்டு இவளுக்கு நிம்மதி வருகிறது!

பெரியவர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். சட்டைப்பையில் பேனா மட்டும் இருந்தது.

"போலாமா?" என்றார்.

*

அது சாதாரணத் தெரு. ஒரு பக்கம் சைக்கிள் பழுது பார்க்கும் கடை, ஒரு பக்கம் பூட்டிய கிடங்கு, நடுவில் கறுப்புத் தாரில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு ஒட்டு. தெரியாதவர்களுக்கு அது வெறும் ஒட்டு.

சின்னவர் ஏற்கெனவே நின்றிருந்தார். அண்ணன் வேனிலிருந்து இறங்கியதும் இரண்டு அடி முன்னே வந்தார். அப்புறம் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மூன்று மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தை ஒட்டின் குறுக்கே வைத்தார். சட்டத்துக்கும் தாருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் சாலை உள்வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். முட்டிபோட்டுக் குனிந்து, கன்னம் தாரில் படும் அளவுக்குப் பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். ஏழு இடத்தில் வைத்தார்.

"ஆச்சரியமா இருக்கு," என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "ஒரு நூல்கூட இறங்கல. பெரிய பெரிய கம்பெனி போட்டதெல்லாம் ஆறு மாசத்துல தொட்டி மாதிரி ஆயிடுது. இதை யாரு திமிசு போட்டது?"

சின்னவர் குனிந்து சட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தார். அடக்கம் முடிந்த மறுநாள், ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாண் சாணாக மண்ணைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் சின்னவரே தனியாக இடித்து இறுக்கினார். எவ்வளவு சொல்லியும் யாரையும் கிட்டே விடவில்லை. மகள் அன்று தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து தாள்களை எடுத்து வேனின் முன்பக்கத்தில் பரப்பினார். "இங்க ஒப்பந்தக்காரர். இங்க பிணைதாரர். பெரியவரே, பணிமுடிவு அறிக்கையைப் படிச்சேன், ஒத்துக்கறேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், உங்க வீடு உங்களுக்கு."

சின்னவர் போட்டார். பெரியவர் இன்ஸ்பெக்டர் நீட்டிய பேனாவை வாங்கினார். தாளைப் பார்க்கவே இல்லை. எங்கே போடவேண்டும் என்று இன்ஸ்பெக்டரின் விரலை மட்டும் பார்த்தார்.

மகள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா," என்றார் சின்னவர். "படிக்காம போடாதீங்க."

பெரியவரின் கை நின்றது.

"நீங்க படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்ல. என் மேல இருக்கற கோபத்துல, எப்படியோ போகட்டும்னு போடாதீங்க. திட்டணும்னா திட்டுங்க. நாலு அறை விடுங்க. கொடியை விட்டுட்டுப் போனது நான்தான். அதுக்காக நீங்க இப்படி..."

"உன் மேல கோபம்னு யாருடா சொன்னா?"

ஒரு வருடத்தில் முதல் வார்த்தை. சின்னவர் திகைத்துப்போய் நின்றார்.

"அன்னைக்கு எதுக்குடா என்னையும் வரச்சொல்லிட்டு சாலை ஆபீஸ் வந்த நீ? அனுமதியை ரெண்டு நாள் நீட்டிக்கணும், பிணைதாரர் கையெழுத்து வேணும்னு வந்த. என்கிட்ட வாங்கத்தான் வந்த. அஞ்சு நிமிஷத்துல போட்டுக் கொடுத்திருக்கலாம். நான் என்ன பண்ணேன்? உட்கார்ந்து படிச்சேன். சாலை அகலம் ஏழு மீட்டருக்குப் பதிலா ஒன்பதுன்னு அடிச்சிருக்கு, திருப்பி அடிச்சுட்டு வான்னு அங்க டைப் அடிக்கிற பொண்ணை அனுப்பினேன். நாப்பது நிமிஷம். நீ அவசரம் அவசரம்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்ன. தப்போட எப்படிடா கையெழுத்துப் போடறதுன்னு உன்னை உட்கார வெச்சேன். அந்த நாப்பது நிமிஷத்துலதான்..."

அவர் ஒட்டைப் பார்த்தார்.

"நான் உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அண்ணா... நீங்க பேசாம இருக்கவும்..."

"உன்னைப் பார்த்தா அந்த நாப்பது நிமிஷம் ஞாபகம் வருது. எழுத்தைப் பார்த்தாலும் வருது."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். அவள் மெதுவாக, நாலே வார்த்தையில் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தான் முட்டிபோட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

சின்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருமுனையில் கொடியோடு நின்ற ஆளிடம் நேராக நடந்துபோனார். அவன் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டார். அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"படிங்கண்ணா! எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல. நான் இங்க நிக்கிறேன்."

முதலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு கார். சின்னவர் கொடியை உயர்த்திப் பிடித்தபடி நடுச்சாலையில் நின்றார்.

பெரியவர் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் அவர் அப்படித்தான் படிப்பார். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்பார்.

"ஒன்று. தெருவின் பெயர். இரண்டு. வெட்டின் நீளம், பன்னிரண்டு மீட்டர். மூன்று..."

குரல் கரகரவென்று இருந்தது. நாலாவது வரியில் கொஞ்சம் தெளிந்தது. ஆறாவது வரியில் பழைய பெரியப்பாவின் குரல் வந்துவிட்டது. மகளுக்கு அழுகை அழுகையாக வந்தது. எந்தக் குரல் திரும்பி வராதா என்று ஒரு வருடமாகக் குடும்பமே ஏங்கியதோ, அந்தக் குரல் வரி வரியாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஒன்பது. மீதி மண் அகற்றப்பட்டதா? ஆம். பத்து..."

"பெரியப்பா," என்றாள். "நிறுத்துங்க. அடுத்த வரி நான்தான்... பழைய அறிக்கையைத் திறந்து வெச்சு அடிச்சேன். மத்ததெல்லாம் மாத்தினேன். அதை மட்டும் பார்க்காம விட்டுட்டேன். வேணும்னு பண்ணல பெரியப்பா, சத்தியமா."

அவர் பதினொன்றாவது வரியைப் பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

காத்திருந்த மினி வேன்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான். சின்னவர் அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவன் அடங்கிவிட்டான்.

"பழைய பக்கத்தை எடுத்துப் புதுசு பண்ணா இப்படித்தாம்மா ஆகும்," என்றார் பெரியவர் கடைசியில். "எத்தனையோ பார்த்திருக்கேன். செத்தவங்க பேர்ல வாழ்த்து மடல் வந்திருக்கு. அழாதே."

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"சார், வேண்டாம்," என்று இன்ஸ்பெக்டர் பதறிக்கொண்டு வந்தார். "நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். அதுல கை வெச்சீங்கன்னா இன்னைக்கு விடுவிப்பு கிடையாது, பேப்பர் மேலே போகும். விபத்துன்னு எழுதினா ஒரு இணைப்புத் தாள் வரும். கொடிப் பொறுப்பாளர் யாரு, அந்த நேரம் எங்க இருந்தாருன்னு கேப்பாங்க. அனுமதியில உங்க தம்பி பேருதான் இருக்கு. அவரு லைசென்ஸுக்கே வினையா முடிஞ்சாலும் முடியும். இப்படியே போட்டுட்டீங்கன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

பெரியவர் தெருமுனையைப் பார்த்தார். கொடிக்குக் கீழே தம்பியின் இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"அகலம் ரெண்டு மீட்டர் தப்புன்னு ஒரு பேப்பரைத் திருப்பி அனுப்பினேன்," என்றார். "இதை எப்படிங்க விடறது? இல்லன்னு போட்டிருக்கு. இருந்தான்ங்க அவன்."

'இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். கோட்டின் நுனியிலிருந்து ஓரம்வரை ஒரு வளைவு இழுத்தார், முப்பத்தாறு வருடம் இழுத்த அதே வளைவு. ஓரத்தில் 'ஆம். ஒருவர்' என்று எழுதினார். அதற்குக் கீழே மகனின் பெயரை எழுதினார். நெட்டையன் என்று அல்ல. பள்ளிச் சான்றிதழில் இருந்த முழுப் பெயர். மகள் அதைப் படித்தபோது ஒரு கணம் யாரோ என்று இருந்தது.

"அந்த இணைப்புத் தாள் வரட்டும்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "கொடிப் பொறுப்பாளர் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தான்னு நான் எழுதறேன். ஏன் உட்கார்ந்திருந்தான்னும் எழுதறேன்."

"திங்கட்கிழமை வேலை பெரியப்பா... எட்டு பேரு..." மகளால் முடிக்க முடியவில்லை.

"தெரியும்மா. அவன்கிட்ட நான்தான் சொல்லணும்."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். தாளை மகள் கையில் கொடுத்தார். ஒட்டின் ஓரம் வந்ததும் ஒரு கணம் நின்று, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, தம்பியை நோக்கி நடந்தார்.

சின்னவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தன்னிடம் நடந்து வருவதைப் பார்த்ததும் கையெழுத்து முடிந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

மினி வேன்காரன் மறுபடி ஹாரனை அழுத்தினான். அவன் பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டிருந்தன. சின்னவர் கொடியை இறக்கவில்லை. அண்ணன் வந்து சேரும்வரை ஒரு வண்டியையும் விடவில்லை.